வாளில்லா மன்றமும் வழியில்லா மக்களும்

தீர்ப்புக் கிடைப்பது வேறு. முறை கிடைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிய மக்களினங்கள், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிலத்தை இழந்திருக்கின்றன. நிலத்தொடு உயிர்களையும் இழந்திருக்கின்றன. இஃது ஏட்டுச் சுரைக்காய் அறிவுரை அன்று. வலிமையில் தன்னை ஒப்பார் இல்லையெனத் தருக்கி நிற்கும் அமெரிக்க ஒன்றிய நாடுகளின் தலைமை முறைமன்றம், தன் தீர்ப்பேடுகளிலேயே எழுதிவைத்துள்ள வரலாறு.

அமெரிக்காவை வியந்து பேசுவார் பலர். அவருள்ளும் அந்நாட்டின் முறைமன்றங்களை வியப்பாரே மிகுதி. குடியரசுத் தலைவராயிருந்த நிக்சனையே, 'ஒலிநாடாக்களைக் கொண்டுவந்து கொடு' என்று 1974-ஆம் ஆண்டில் ஆணையிட்டுப் பணியவைத்த மன்றம் அன்றோ அது! அத்தகைய மன்றம் உள்ள நாட்டில் எளியவர்க்கு என்ன குறை? உரிமை பறிபோனால் கதவைத் தட்டவேண்டியதுதானே? இவ்வாறு கேட்பார் உளர். கேட்பவர் ஒருமுறை செரோக்கி மக்களின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்து கேட்பாராக. அவர்கள் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது. வழக்கிலும் வென்றார்கள். அதன்பின் நடந்தது என்ன என்பதே எண்ணத்தக்கது.

இரு மரங்கள்

முதலில் அம்மன்றங்களின் கட்டமைப்பை அறிதல் வேண்டும். அறியாமல் வியப்பதும் பிழை. அறியாமல் பழிப்பதும் பிழை.

அமெரிக்க முறைமன்றங்கள் ஒரே மரத்தின் கிளைகள் அல்ல. அருகருகே நிற்கும் இருவேறு மரங்கள். 50 மாநிலங்களுள் ஒவ்வொன்றும் தனக்கெனச் சட்டமும், தனக்கென மன்றங்களும், அவற்றின் முடியாகத் தனக்கென ஒரு தலைமை மன்றமும் உடையது. கொலை, களவு, மணமுறிவு, நிலவழக்கு, கொடுக்கல் வாங்கல் என மக்கள் வாழ்வில் எழும் வழக்குகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மாநில மன்றங்களில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஒரு மாநிலச் சட்டத்திற்கு அம்மாநிலத் தலைமை மன்றம் கூறும் பொருளே முடிந்த பொருள். அது கூட்டரசின் சட்டத்தோடோ அரசமைப்போடோ முரண்பட்டாலன்றி, வாசிங்டனில் உள்ளவர் அதில் கைவைக்க இயலாது.

மற்றொரு மரம் கூட்டரசினுடையது. அதன் அடியில் 94 மாவட்ட மன்றங்கள்; அவற்றின்மேல் 13 மேல்முறையீட்டு மன்றங்கள்; முடியில் தலைமை முறைமன்றம். கூட்டரசின் சட்டம் பற்றிய வழக்கு, கூட்டரசே ஒரு தரப்பாக நிற்கும் வழக்கு, வெவ்வேறு மாநிலத்தார்க்கு இடையே எழும் பெருந்தொகை வழக்கு ஆகியவையே இம்மரத்தின் நிழலுக்கு வருகின்றன. மாவட்ட மன்றத்தில் ஒரு நடுவர் சான்றுகளைக் கேட்கிறார். மேல்முறையீட்டு மன்றத்தில் வழக்கமாக மூவர் அமர்கின்றனர். அவர்கள் சான்றுகளை மீண்டும் கேட்பதில்லை. சட்டம் செவ்வையாகப் பொருத்தப்பட்டதா என்று மட்டும் நோக்குகின்றனர்.

தலைமை முறைமன்றத்தில் அமர்வோர் ஒன்பதின்மர். மாநிலங்கள் தமக்குள் வழக்கிடுவது போன்ற ஒருசில வழக்குகள் நேரே அங்குத் தொடங்கலாம். ஏனையவை மேல்முறையீடாகவே செல்லவேண்டும். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ நாலாயிரம் முறையீடுகள் அதன் வாயிலுக்கு வருகின்றன. ஒன்பதின்மருள் நால்வர் இசைந்தாலன்றி எதுவும் உள்ளே புகாது. வழக்கறிஞர் நேர்நின்று உரைக்கக் கேட்டுத் தீர்க்கப்படுவன ஏறத்தாழ அறுபது. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை 'மறுக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்புகின்றன. கரணியம் கூறவேண்டிய கடப்பாடும் இல்லை. 'தலைமை மன்றம் வரை செல்வேன்' என்று சூளுரைத்துச் செல்வாருள் மிகப் பெரும்பாலார் அதன் கதவின் வெளிப்புறத்தை மட்டுமே காண்கின்றனர்.

ஒன்பது என்னும் அவ்வெண்ணும் கல்லில் பொறித்ததன்று. அரசமைப்பு அதனைக் கூறவில்லை. பேராயம் இயற்றும் சட்டமே கூறுகிறது. 1789-இல் அறுவர், 1807-இல் எழுவர், 1837-இல் ஒன்பதின்மர், 1863-இல் பதின்மர். 1866-இல், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சான்சன் ஒரு நடுவரையும் அமர்த்திவிடாதபடி, இடங்களை ஏழாகக் குறைக்கச் சட்டம் வந்தது. அவர் பதவி நீங்கிய 1869-இல் மீண்டும் ஒன்பது. 1937-இல் பிராங்கிளின் உரூசுவெல்டு, தம் சட்டங்களை அடுத்தடுத்து வீழ்த்திய அம்மன்றத்தில் மேலும் அறுவர் வரை சேர்க்க முயன்று தோற்றார். அறத்தின் கோயில் எனப் போற்றப்படும் அம்மன்றத்தின் தூண்களை அரசியற் கைகள் கூட்டியும் குறைத்தும் வந்துள்ளன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

வாளும் இல்லை, பணப்பையும் இல்லை

அந்நாட்டு அரசமைப்பு வரையப்பட்டு மக்கள் ஒப்புதலுக்கு நின்ற காலத்தில், ஆமில்டன் என்பார் 1788-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மூன்று அரசுறுப்புகளையும் ஒப்பிட்டார். ஆட்சித்தலைவன் கையில் வாள் உண்டு; சட்டமியற்றும் பேராயத்தின் கையில் பணப்பை உண்டு; முறைமன்றத்தின் கையில் இரண்டும் இல்லை; அதற்கு உள்ளது தீர்ப்புக் கூறும் அறிவு ஒன்றே; ஆகவே மூன்றனுள் அதுவே மெலியது என்றார். மன்றத்தைக் கண்டு எவரும் அஞ்சவேண்டா என்று மக்களைத் தேற்றுவதற்காக அவர் சொன்ன சொல் அது. எளியவர் அஞ்சவேண்டியதும் அதே சொல்லைக் கண்டுதான்.

அந்த மெலிய மன்றம் தன் எழுதுகோலாலேயே தனக்கு வலிமை தேடிக்கொண்ட கதை 1803-இல் நடந்தது. ஆடம்சு பதவி விலகும் நேரத்தில் மார்பரி என்பார்க்கு ஒரு சிறு நடுவர் பதவி கொடுத்தார். பதவி ஓலை உரியவர் கைக்குச் சேருமுன் ஆட்சி மாறிற்று. புதிய ஆட்சியின் அமைச்சர் மேடிசன் அதனைக் கொடுக்கவில்லை. மார்பரி நேரே தலைமை மன்றத்தில் முறையிட்டார். தலைமை நடுவர் சான் மார்சல் சூழ்ந்து எழுதினார்: மார்பரிக்குப் பதவியுரிமை உண்டு, ஆனால் இம்மன்றத்தில் நேரே வழக்கிட அவர்க்கு இடங்கொடுத்த சட்டப்பிரிவு அரசமைப்பிற்கு மாறானது, ஆகவே அப்பிரிவு செல்லாது. பேராயம் இயற்றிய சட்டத்தைச் செல்லாதென அறிவிக்கும் பேருரிமையை மன்றம் அன்று கைக்கொண்டது. அவ்வுரிமை அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிலது என்பதும் அறியத்தக்கது.

ஆயினும் அத்தீர்ப்பின் நுட்பம் வேறோரிடத்தில் உள்ளது. 'பதவி ஓலையைக் கொடு' என்று மார்சல் ஆணையிட்டிருந்தால், செபர்சனின் ஆட்சி அதனைப் புறக்கணித்திருக்கும். மன்றத்தின் மெலிவு நாடறிய வெளிப்பட்டிருக்கும். ஆணையே இடாத தீர்ப்பால் அவர் மன்றத்தின் மதிப்பைக் காத்தார். மார்பரிக்குப் பதவி கிடைக்கவில்லை. மன்றம் வென்றது, முறையிட்டவர் வெறுங்கையோடு திரும்பினார். மன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றும் கூட்டரசுக் காவலர் இன்றும் ஆட்சித்துறையின் கீழ் உள்ளவரே என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்க.

வென்றும் தோற்ற மக்கள்

செரோக்கி மக்கள் தென்கிழக்கு அமெரிக்காவின் தொல்குடியினர். வெள்ளையர் அவர்களைக் காட்டினர் என்றனர். ஆனால் அக்காட்டினருள் செக்குவாயா என்னும் ஒருவர், பிறமொழி எதனையும் படித்தறியாதவர், தம் மொழியின் ஒலிகளைத் தாமே ஆய்ந்து, அசைக்கோர் எழுத்தாக ஒரு முழு நெடுங்கணக்கை 1821-இல் அமைத்து முடித்தார். சில ஆண்டுகளிலேயே அம்மக்களுள் பெருந்தொகையினர் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்றனர். 1827-இல் தமக்கென எழுதப்பட்ட அரசமைப்பை அமைத்துக்கொண்டனர். 1828-இல் தம் தலைநகரான நியூ எக்கோட்டாவிலிருந்து 'செரோக்கி பீனிக்சு' என்னும் செய்தித்தாளைத் தம் எழுத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். நிலம், மொழி, எழுத்து, ஆட்சி ஆகிய நான்கும் உடைய மக்களை நாட்டினம் என்னாது வேறு என்னென்பது?

அந்நிலத்தில் பொன் கிடைத்தது. கேடும் உடன் வந்தது. சியார்சியா மாநிலம் தன் சட்டங்கள் யாவும் செரோக்கி நிலத்திலும் செல்லும் என அறிவித்தது. வெள்ளையனுக்கு எதிராகச் செரோக்கியர் சான்று கூறவும் கூடாதென்றது. தொல்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ சாக்சன் 1830 மே மாதம் கையெழுத்திட்டார். அவ்வாண்டே, கார்ன் தாசல் என்னும் செரோக்கியர் ஒருவரைச் செரோக்கி நிலத்தில் நடந்த கொலைக்காகச் சியார்சியா தூக்கிலிட முனைந்தது. தலைமை நடுவர் மார்சல் வழக்கை மேலே அனுப்புமாறு எழுத்தாணை விடுத்தார். சியார்சியா அவ்வாணையைத் தூக்கி எறிந்து, திசம்பர் 24-ஆம் நாள் அவரைத் தூக்கிலும் இட்டது.

1831-இல் செரோக்கி நாட்டினமே நேரடியாகத் தலைமை மன்றத்தில் வழக்கிட்டது. செரோக்கியர் வெளிநாட்டரசு அல்லர். கூட்டரசின் காப்பில் உள்ள சார்புநிலை உள்நாட்டினம். ஆகவே நேர்வழக்கிடும் உரிமை அவர்க்கில்லை என்று மன்றம் கையை விரித்தது. அவர்கள் சோர்ந்தாரல்லர். அவர்களிடையே வாழ்ந்து செய்தித்தாளுக்குத் துணைநின்ற சாமுவேல் ஊசுட்டர் என்னும் கிறித்தவத் தொண்டரை, மாநிலத்தின் இசைவுச்சீட்டு இன்றிச் செரோக்கி நிலத்தில் தங்கினார் என்று கூறி, நான்காண்டுக் கடுஞ்சிறையில் சியார்சியா அடைத்தது. அவர் வழியாக வழக்கு மீண்டும் தலைமை மன்றம் ஏறிற்று.

1832 மார்ச்சு 3-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. செரோக்கி நாட்டினம் தன் எல்லைக்குள் தனித்த ஒரு மக்கட் சமுதாயம்; அங்குச் சியார்சியாவின் சட்டம் செல்லாது; உடன்படிக்கைகள் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும்; ஊசுட்டரை விடுவிக்கவேண்டும். இதனைவிடத் தெளிவாக ஒரு சிறிய இனத்தின் உரிமையை எந்த மன்றம் எழுத இயலும்?

நடந்தது என்ன? சியார்சியா அவரை விடுவிக்கவில்லை. அத்தீர்ப்பு வந்த அதே ஆண்டில், செரோக்கி நிலத்தைக் குலுக்கற்சீட்டிட்டு வெள்ளையர்க்குப் பங்கிடத் தொடங்கிற்று. 'மார்சல் தீர்ப்பளித்துவிட்டார்; அவரே அதை நிறைவேற்றட்டும்' என்று சாக்சன் சொன்னதாக ஒரு சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. அவர் அவ்வாறு சொன்னதற்கு உறுதியான சான்றில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை; அவர் அசையாமல் இருந்ததே அச்சொல்லின் பொருளைச் சொல்லிற்று. அதே சாக்சன், அதே காலத்தில், சுங்கவரிச் சட்டத்திற்குப் பணிய மறுத்த தென் கரோலினா மாநிலத்தின்மேல் படையெடுப்பேன் என்று முழங்கினார். சுங்கவரிக்கு உறையினின்று வெளிவரத் துடித்த வாள், ஒரு மக்களினத்தின் உயிர்க்கு வெளிவரவில்லை. ஊசுட்டரும் உடனிருந்தவரும் 1833 சனவரியில், தீர்ப்பின் வலியால் அன்று, ஆளுநரின் மன்னிப்பால் வெளியேறினர்.

பின் 1835-இல், செரோக்கியருள் ஒரு சிறு குழுவினரைப் பிடித்து ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினர். பல்லாயிரவர் கையெழுத்திட்ட எதிர்ப்பு முறையீடு வாசிங்டன் சென்றது. ஆயினும் மூப்பரவை, வேண்டிய அளவிற்கு ஒரே ஒரு வாக்கு மிகுதியாக, அவ்வுடன்படிக்கையை 1836-இல் ஏற்றது. செய்தித்தாளின் அச்சுப்பொறியைச் சியார்சியாவின் காவற்படை அதற்கு முன்பே கைப்பற்றியிருந்தது. 1838-இல் படை வந்தது. மக்கள் வீடுகளினின்று இழுத்துவரப்பட்டுப் பட்டிகளில் அடைக்கப்பட்டு, மேற்கே ஓட்டப்பட்டனர். ஏறத்தாழ பதினாறாயிரவருள் நாலாயிரவர் அளவினர் மடிந்தனர் என்று கணக்கிடப்படுகிறது. அவ்வழிக்குக் கண்ணீர்த்தடம் என்பது பெயர்.

அவர்கள் வழக்கில் தோற்றவர் அல்லர், வென்றவர். இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

அதே மன்றம், வேறு கை

1954-இல் அதே மன்றம், பிரவுன் வழக்கில், பள்ளிகளில் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்துவைத்தல் அரசமைப்புக்கு மாறானதென ஒன்பதின்மரும் ஒருமித்துத் தீர்த்தது. 1957-இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் இலிட்டில் இராக்கு நகரில், ஒன்பது கருப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் படைக்காவலரை நிறுத்தினார். அப்பொழுது குடியரசுத் தலைவர் ஐசனோவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டரசுப் படைவீரரை அனுப்பினார். அவர்தம் காவலில் அப்பிள்ளைகள் பள்ளிப் படியேறினர்.

1832-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தாளில் மையால் எழுதியதே. 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தாளில் மையால் எழுதியதே. ஒன்று காற்றில் பறந்தது. மற்றொன்று படி ஏறிற்று. வேறுபாடு தாளில் இல்லை. அதனைத் தாங்கிய கையில் இருந்தது.

அந்தக் கையும் தானே அசையவில்லை. பிரவுன் தீர்ப்பு வந்து பத்தாண்டு ஆகியும், தென் மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் பயின்ற கருப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஓரிருவரே. பேருந்துகளைப் புறக்கணித்து மாண்ட்கோமரி நகரத் தெருக்களில் ஓராண்டுக்கு மேல் நடந்தே சென்ற மக்களும், பர்மிங்காம் நகரில் நாய்க்கடியும் நீர்ப்பீச்சும் தாங்கி நின்ற இளையோரும், 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் பேராயத்தினின்று பறித்தெடுத்த பிறகே பள்ளிக்கதவுகள் அகலத் திறந்தன. தீர்ப்பு வழியைக் காட்டிற்று, நடந்தவர் மக்கள்.

ஓர் ஆசிரியரின் வழக்கு

மன்றத்தைப் போற்றுவார் இங்கு ஒரு வழக்கை எடுத்துக்காட்டுவர். அது காட்டத்தக்க வழக்கே. முதல் உலகப்போரின் வெறி அடங்காத 1919-இல், நெப்ராசுக்கா மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலமல்லாத இக்கால மொழி எதனையும் எந்தப் பள்ளியிலும் கற்பித்தல் கூடாதென்பது அச்சட்டம். இராபர்ட்டு மேயர் என்னும் பள்ளி ஆசிரியர், பத்து அகவை மாணவன் ஒருவனுக்குச் செருமன் மொழியில் படிக்கக் கற்பித்தார். அதற்காக அவர்க்கு 25 தாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, குற்றம் எதுவென்பதே எண்ணத்தக்கது. பிள்ளைக்கு அவன் முன்னோர் மொழியைக் கற்பித்தல் குற்றமாயிற்று!

மாநிலத் தலைமை மன்றம் அத்தண்டத்தை உறுதி செய்தது. மேயர் விடவில்லை. வழக்கில் கூட்டரசின் அரசமைப்பு உரிமை அடங்கியிருந்தமையால், மாநில மரத்தினின்று அது தலைமை முறைமன்றத்திற்குச் சென்றது. 1923 சூன் 4-ஆம் நாள், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அச்சட்டம் செல்லாதெனத் தீர்ந்தது. கற்பிக்கும் ஆசிரியரின் உரிமையும், தம் பிள்ளை எதனைக் கற்கவேண்டும் என்று தேரும் பெற்றோரின் உரிமையும் அரசமைப்பு காக்கும் விடுதலையுள் அடங்கும் என்றது மன்றம். ஆசிரியர் ஒருவரின் உறுதி, ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்திற்று. இதனைப் பாராட்டாதவர் அறமறியாதவர்.

ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், தொல்குடிப் பிள்ளைகள் பெற்றோரினின்று பிரிக்கப்பட்டுத் தங்கற்பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். அவர்தம் பள்ளிகளில் ஆங்கிலமன்றி வேறு மொழி கூடாதென்று கூட்டரசின் தொல்குடித்துறை ஆணையரே 1887-இல் ஆணையிட்டிருந்தார். தாய்மொழி பேசிய பிள்ளைகள் அடிக்கப்பட்டனர். மேயர் தீர்ப்பு அப்பிள்ளைகளின் நாவை விடுவிக்கவில்லை. தொல்குடி மொழிகளைக் காப்பதும் வளர்ப்பதும் நாட்டின் கொள்கை எனப் பேராயம் சட்டம் இயற்றியது 1990-இல். அதற்குள் எத்தனை மொழிகள் கடைசிக் கிழவியோடு மண்ணுள் மறைந்தன! வழக்குமன்றம் ஏறுவதற்கும் வலிமை வேண்டும். பள்ளியும் திருச்சபையும் வாக்கும் உடைய செருமானியர்க்கு அஃது இருந்தது. பட்டியில் அடைக்கப்பட்ட பிள்ளைக்கு இல்லை.

ஒரு சாவும் ஓர் உரிமையும்

இனி, அந்நடுவர்கள் அமர்த்தப்படும் முறையைக் காண்க. கூட்டரசின் நடுவர்களைக் குடியரசுத் தலைவர் முன்மொழிகிறார்; மூப்பரவை ஒப்புகிறது. ஒப்பியபின் வாழ்நாள் முழுதும் பதவி. பேராயம் குற்றஞ்சாட்டி உசாவி நீக்கலாம். ஆனால் தலைமை மன்ற நடுவருள் இதுவரை அவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டவர் சாமுவேல் சேசு ஒருவரே. அவரும் 1805-இல் விடுவிக்கப்பட்டார். ஒப்புதல் தரும் மூப்பரவையிலோ மாநிலத்துக்கு இருவர். மூன்றரைக் கோடிக்கும் மிகுந்த மக்களை உடைய கலிபோர்னியாவுக்கும் இருவர், ஆறு இலக்கத்தையும் எட்டாத வயோமிங்குக்கும் இருவர்.

2016 பிப்பிரவரியில் நடுவர் ஒருவர் இறந்தார். ஒபாமா அவ்விடத்திற்குக் கார்லந்து என்பாரை முன்மொழிந்தார். தேர்தல் ஆண்டில் நடுவரை அமர்த்துதல் தகாது. மக்கள் தீர்ப்புக் கூறட்டும் என்று சொல்லி, மூப்பரவையின் பெரும்பான்மைக் கட்சியினர் அவரை அழைத்துக் கேட்கவும் மறுத்தனர். தேர்தலுக்கு அப்பொழுது எட்டு மாதங்களுக்கு மேல் இருந்தது. 2020 செபுதம்பரில் நடுவர் கின்சுபர்க்கு அம்மையார் இறந்தார். அதே கட்சியினர், தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கையில், பேரட்டு அம்மையாரை ஒப்பி அமர்த்தினர். மக்கள் தீர்ப்பு எங்கே போயிற்று? எட்டு மாதம் போதாதென்ற வாயே எட்டு நாள் போதும் என்றது.

இஃது அவர்தம் கட்சிப்பூசல். எளியவர்க்கு இதில் என்ன என்று கேட்கலாம். மீண்டும் செரோக்கியரிடமே செல்க. கண்ணீர்த்தடத்தின் முடிவில் அவர்கள் குடியேற்றப்பட்ட நிலம் இன்று ஓக்லகோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதி. அவ்வாறே அங்குத் துரத்தப்பட்ட கிரீக்கு நாட்டினத்தின் வழக்கில், உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்ட அந்நிலவுரிமையைப் பேராயம் எக்காலத்தும் நீக்கவில்லை. ஆகவே அஃது இன்றும் நிலைத்துள்ளது என்று 2020 சூலையில் தலைமை மன்றம் தீர்த்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஐவருள் ஒருவர் கின்சுபர்க்கு. அத்தீர்ப்பின் வழியே செரோக்கியரின் நிலவுரிமையையும் மாநில மன்றம் 2021-இல் ஏற்றது.

ஈராண்டு கழிந்தது. 2022 சூனில், செரோக்கி நிலத்தில் நடந்த ஒரு குற்றத்தைப் பற்றிய வழக்கில், தொல்குடியினர்மேல் பிறர் இழைக்கும் குற்றத்தை உசாவும் அதிகாரம் கூட்டரசோடு மாநிலத்திற்கும் உண்டு என்று அதே மன்றம் தீர்த்தது. மீண்டும் ஐவர், மீண்டும் நால்வர். இரு தீர்ப்புக்கும் இடையே நடுவர் இருக்கையில் நேர்ந்த மாற்றம் ஒன்றே: கின்சுபர்க்கு இருந்த இடத்தில் பேரட்டு. உடன்படிக்கை மாறவில்லை, சட்டம் மாறவில்லை, நிலம் நகரவில்லை. ஒரு முதியவர் இறந்தார். ஒரு மக்களினத்தின் வேலி தளர்ந்தது. 2020-இல் தொல்குடியினர் பக்கம் தீர்ப்பெழுதிய கோர்சச்சு, 2022-இல் மாற்றுத்தீர்ப்பு எழுதி, 1832-ஆம் ஆண்டின் உறுதியினின்று மன்றம் தளர்ந்துவிட்டதெனக் கடிந்தார். அவரோ, கார்லந்துக்கு மறுக்கப்பட்ட அதே இருக்கையில் அமர்த்தப்பட்டவர். எவர் எவ்வாறு வந்தார் என்பதைக் கொண்டு எவ்வாறு தீர்ப்பார் என்று கணிக்கவும் இயலவில்லை. இத்தகைய தாயக்கட்டத்தின்மேலா ஓர் இனம் தன் வாழ்வை வைப்பது?

பாண்டியனும் ஒன்பதின்மரும்

தன் தீர்ப்புத் தவறென்று கண்ட அப்பொழுதே அரியணையில் உயிர்விட்டான் பாண்டியன். தமிழ்மரபு நடுவனிடம் வேண்டிய அளவு அது. வாசிங்டன் மன்றத்தை அந்த அளவுகோலால் அளந்து பார்க்க. கருப்பினத்தவர் குடிமக்களாதல் இயலாது என்று 1857-இல் திரெட்டு இசுகாட்டு வழக்கில் அது தீர்த்தது; அத்தீர்ப்பை அழிக்க ஓர் உள்நாட்டுப் போரும் அரசமைப்புத் திருத்தங்களும் வேண்டியிருந்தன. 'பிரித்துவைத்தாலும் ஒப்புநிலை' என்று 1896-இல் எழுதியதைத் தவறென்று சொல்ல 58 ஆண்டு ஆயிற்று. சப்பானிய வழியினர் இலக்கத்துக்கும் மேற்பட்டோரை இரண்டாம் உலகப்போரில் வீடுகளினின்று அகற்றிய ஆணையை 1944-இல் ஏற்றது. அது பிழை என்று சொல்ல 2018 வரை, 74 ஆண்டு ஆயிற்று. துன்புற்றவருள் பெரும்பாலார் அதற்குள் மறைந்துபோயினர். அவர்தம் கல்லறைகளுக்குத் தீர்ப்பைப் படித்துக் காட்டுவார் யார்?

அங்ஙனமாயின் மன்றமே வேண்டாவோ எனின், அன்று. மன்றமில்லா நாடு வேலியில்லா வயல். 1832-இல் மார்சல் எழுதிய சொற்கள் அன்று பயன்படவில்லை; ஆயினும் அழியவும் இல்லை. 188 ஆண்டு கழித்து அவ்வழியே நிலவுரிமை கேட்க ஒரு மக்கள் உயிரோடு இருந்தார்கள். ஓட்டப்பட்ட இடத்தில் மீண்டும் அரசமைப்பு எழுதினார்கள், மீண்டும் அச்சுப்பொறி நிறுவினார்கள், பள்ளி கட்டினார்கள், உடன்படிக்கை ஏடுகளைக் காத்தார்கள். அவர்கள் கரைந்துபோயிருந்தால், மார்சலின் தீர்ப்பைச் செல்லரித்திருக்கும், கேட்பார் இருந்திரார்.

ஆகவே உணரவேண்டியது ஒன்று. முறைமன்றம் உரிமையைப் படைப்பதன்று. இருக்கும் உரிமைக்குச் சான்று கூறுவது. சான்று கூறும் வாய்க்கு வாளில்லை, பணப்பையில்லை; அதில் பேசுபவரும் நாளை மாறுவர். உரிமையை உயிர்ப்பிப்பது அதனை உடைய மக்களின் ஒற்றுமையும், மொழியும், அடங்காத நினைவுமே. தீர்ப்பை நம்பி உறங்கிய இனம் தீர்ப்போடு புதையும். தீர்ப்பு வந்தாலும் வராவிடினும் விழித்திருக்கும் இனமே, என்றேனும் ஒருநாள், அத்தீர்ப்பைத் தன் வாயிற்படிக்கு வரவழைக்கும்.